வெரைட்டி ஹால் சாலையில் இடிந்தவை இரண்டு

கோவை வெரைட்டி ஹால் சாலையில் நூறாண்டுக்கும் மேலாக நின்றிருந்த டிலைட் திரையரங்கம் 2023ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. சாலைக்கே பெயர் தந்த கட்டடம் அது. நாளேடுகள் அதற்கு அஞ்சலிக் கட்டுரைகள் எழுதின. அங்கே முதல் படம் பார்த்தவர்கள், காதலித்தவர்கள், கல்லூரி வகுப்பைத் துறந்து வரிசையில் நின்றவர்கள் எனப் பலரும் தத்தம் நினைவுகளைப் பதிவு செய்தனர். வணிக வளாகம் வரப்போகிறது என்ற செய்தி அந்தத் துயரத்துக்கு மேலும் சுருதி கூட்டியது.

அதே சாலையில் சி.எம்.சி. காலனி என்றொரு குடியிருப்பு உண்டு. கோவை நகராட்சி மன்றத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே காலனியின் பெயராகி நிலைத்துவிட்டன. நகரின் சாக்கடையையும் குப்பையையும் தலைமுறை தலைமுறையாக அள்ளியவர்கள், பெரும்பாலும் அருந்ததியர்கள், குடியமர்த்தப்பட்ட இடம் அது. சற்றுத் தள்ளி உக்கடத்திலும் அதே பெயரில் இன்னொரு குடியிருப்பு. புதிய அடுக்குமாடி கட்டித் தருவோம் என்றும், மேம்பாலத்துக்கு இடம் வேண்டும் என்றும் காரணங்கள் சொல்லி இந்தக் குடியிருப்புகளின் பழைய வீடுகள் அண்மை ஆண்டுகளில் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் தகரக் கொட்டகைகளுக்கு அனுப்பப்பட்டன. இந்த இடிப்புக்கு அஞ்சலிக் கட்டுரை எதுவும் நம் கண்ணில் படவில்லை. வந்ததெல்லாம் உள்ளூர்ப் பக்கத்தின் சிறு செய்திகள்: கொட்டகைக்குள் மழைநீர் புகுந்தது, கழிப்பறை போதவில்லை, பணி தாமதம்.

ஒரே சாலை, ஒரே காலம், இரண்டு இடிபாடுகள். ஒன்று பண்பாட்டு இழப்பாகப் பேசப்பட்டது. மற்றொன்று நிர்வாகப் பணியாகக் கடந்து செல்லப்பட்டது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும். திரையரங்கத்துக்காக வருந்தியவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. அந்த வருத்தத்தில் நமக்கும் பங்குண்டு. அது எத்தகைய பங்கு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டிலைட்டின் கதை சாமிக்கண்ணு வின்சென்ட்டிடமிருந்து தொடங்குகிறது. தென்னிந்திய ரயில்வேயில் திருச்சியில் ஊழியராக இருந்த அவர், 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு படமோட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையைத் துறந்தார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். அன்று அந்தப் படங்களுக்குப் பேச்சு இல்லை, கதைகூட இல்லை. ஓடும் ரயில், அசையும் மனிதர்கள், அவ்வளவுதான். 1914இல் கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால், தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளுள் ஒன்று. சென்னையில் ரகுபதி வெங்கய்யா கட்டிய கெயிட்டியும் ஏறத்தாழ அதே காலத்தது. எது முதலில் என்ற வழக்கு வரலாற்று ஆர்வலர்களுக்கு உரியது. இரண்டு கட்டடங்களுமே இன்று இல்லை. மரபுச் சின்னங்களைப் பாதுகாக்க 2012இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின்படி ஆணையம் உருப்பெறப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் கோவையில் கடப்பாரை வேலை முடிந்துவிட்டது.

அந்தக் கூடாரமும் அரங்கமும் சாதியச் சமூகத்தில் என்ன செய்தன? ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில், தமிழ்ச் சினிமாவை அரசியல் ஊடகமாக ஆராயும்போது இதைக் கவனப்படுத்தினார்: தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலை நிகழ்விடம் சினிமாக் கொட்டகையே, அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, வாங்கும் சக்தி. கோயில் மண்டபத்துக் கச்சேரிக்கும் தேர்வீதிக் கூத்துக்கும் இல்லாத ஒரு வாசல் இது. கோயிலுக்குள் நுழையவே முடியாத ஒருவர், காசு கொடுத்துச் சீட்டு வாங்கினால், எவருக்கும் கூழைக்கும்பிடு போடாமல் உள்ளே போகலாம். தரை டிக்கெட்டில் அமர்ந்தவரின் முன்னால் வேறு எவரும் இல்லை. திரை மட்டுமே இருந்தது.

இந்த வாசல் தானாகத் திறந்துவிடவும் இல்லை. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றில் எவரையும் தடுக்கக் கூடாது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் 1924இல் நிறைவேறியது. எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1938இல் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்தது. அரசியல் நிர்ணய சபை, 1948 நவம்பர் 29 அன்று, பாகுபாட்டைத் தடைசெய்யும் பிரிவை விவாதித்தது. இன்று நம் கையில் இருக்கும் 15(2)ஆம் பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றோடு 'பொதுக் கேளிக்கை இடங்கள்' என்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மாணவர்கள் இந்தச் சொற்களின்மீது ஒரு கணம் நிற்க வேண்டும். ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் நாடகக் கொட்டகையையும் சினிமா அரங்கத்தையும் மனத்தில் வைத்து ஓர் உரிமையை எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த வாசலில் எத்தனை பேர் தடுக்கப்பட்டிருப்பார்கள்! 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தமும் அதே இடத்தை மீண்டும் குறிப்பிடுகின்றன.

எழுதியது போதவில்லை என்பதற்கு, டிலைட் இடிந்த அதே 2023ஆம் ஆண்டு சான்று தந்தது. நரிக்குறவர் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் அவ்வாண்டு சனவரியில்தான் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. மார்ச் 30 அன்று சென்னைக் கோயம்பேடு ரோகிணி திரையரங்கில், கையில் சீட்டுடன் வந்த நரிக்குறவர் குடும்பம் வாசலில் தடுக்கப்பட்டது. காணொளி பரவியபின் அவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டனர். படம் யு/ஏ சான்று பெற்றது, உடன் சிறுவர்கள் இருந்தார்கள் என்பது நிர்வாகம் சொன்ன விளக்கம். அந்தச் சான்றின்படி பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலுடன் படம் பார்க்கலாம் என்பதைத் திரையரங்கு நடத்துபவர்கள் அறியாதிருக்க வழியில்லை. வாங்கும் சக்தி பிறப்பை வென்றுவிட்டது என்று நினைத்தால், சீட்டைக் கையில் பிடித்தபடி நின்ற அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, பழைய திரையரங்கம் சமத்துவத்தின் ஆலயமும் அன்று, வெறும் கேளிக்கைக் கூடமும் அன்று. குறைபாடுகளோடு திறந்திருந்த ஒரு வாசல். அது மூடப்படும்போது நமக்கு இழப்பு உண்டு. ஆயிரம் இருக்கைகள் கொண்ட ஒற்றைத் திரை அரங்கின் முன்வரிசைச் சீட்டு, கூலித் தொழிலாளியின் ஒருநாள் ஊதியத்தில் சிறு பங்கு. அதன் இடத்தில் எழும் வளாகத்தில் திரையரங்கம் இருந்தாலும், அதன் வாசலில் சீருடைக் காவலர் நிற்கிறார். தின்பண்டத்தின் விலை சீட்டின் விலையைத் தாண்டுகிறது. எவரும் எவரையும் தடுப்பதில்லை. தேவையில்லை.

இந்த அரங்கங்கள் ஏன் விழுகின்றன என்பதற்கு உணர்ச்சிகரமான விடை எதுவும் கிடையாது. தொலைக்காட்சி வந்தது, பின்னர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் வெளியிட்டு முதல் வாரத்திலேயே வசூலை முடித்துக்கொள்ளும் முறை வந்தது. நூறு நாள் ஓடும் படத்தை நம்பிக் கட்டிய பெரிய அரங்கம் அந்தக் கணக்கில் பொருந்தவில்லை. இதற்கிடையே அரங்கம் நின்ற நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உயர்மாடிக் கட்டடத்துக்கு மனைப்பரப்பின் 3.25 மடங்கு வரை தளப்பரப்பு கட்டலாம். ஒரே தளத்தில் இருட்டில் அமர்ந்திருக்கும் கூட்டத்தைவிட, அடுக்கடுக்காக விற்கப்படும் தளங்கள் உடைமையாளருக்கு இலாபம். மதுரையில் 1952இல் 'பராசக்தி'யோடு திறக்கப்பட்ட தங்கம், சென்னையில் சாந்தி, அசோக் நகரில் 1983 முதல் நடந்த உதயம் என வரிசை நீள்கிறது.

பெரம்பூரின் பிருந்தாவை மட்டும் தனியே சொல்ல வேண்டும். 1985இல் ரஜினிகாந்த் திறந்துவைத்து, நாற்பது ஆண்டுகள் வடசென்னைத் தொழிலாளர்களின் அரங்கமாக இருந்து, 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. கடைசிக் காட்சிக்கு ஒளிப்படக்காரர்கள் வந்தனர். ஊழியர்களின் கண்ணீர் செய்தியானது. அடுத்த நான்கே மாதங்களில், பெரம்பூரை உள்ளடக்கிய திரு.வி.க. நகர் மண்டலத்தின் தூய்மைப் பணியும் இராயபுரம் மண்டலத்தின் தூய்மைப் பணியும் தனியாருக்குக் கொடுக்கப்பட்டன. ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்திருந்த தொழிலாளர்களை, 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியது. பிருந்தாவின் முன்வரிசையில் அமர்ந்தவர்களும், அதன் முன்னால் இருந்த தெருவைக் காலையில் கூட்டியவர்களும் இரு வேறு மக்கள் அல்லர் என்பதை வடசென்னையை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய அரங்கத்துக்காக அழுத நகரம், அவர்களுடைய வேலைக்காக எத்தனை நாள் பேசியது?

கோவைக்குத் திரும்புவோம். டிலைட்டின் உரிமையாளருக்குப் பத்திரம் உண்டு. தன் சொத்தை இடிக்கவும், விற்கவும், காத்திருந்து விலை பேசவும் அவரால் இயலும். சி.எம்.சி. காலனிக்காரரின் நிலை வேறு. அவருக்குத் தரப்பட்டது வீடு அன்று, பணியோடு கட்டிய குடியிருப்பு. அப்பா துடைப்பம் பிடித்தால் கூரை உண்டு. அவர் ஓய்வு பெற்றால் மகன் துடைப்பம் பிடிக்க வேண்டும். பிறப்பால் வந்த தொழிலை விடாமல் பிடித்துவைக்கும் கயிறாகக் கூரையே பயன்பட்டது. இதை நலத்திட்டம் என்று நகராட்சி ஆவணங்கள் எழுதிவைத்தன. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152 மாநகராட்சிகளின் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி, தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விட்டது. நிரந்தரப் பணியாளர் இல்லையென்றால் பணியாளர் குடியிருப்பு எதற்கு என்ற கேள்வி அந்த ஆணைக்குள் எழுதப்படாமலே இருக்கிறது. வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்ததால், ஒன்று அவிழ்ந்தால் மற்றதும் அவிழும்.

எனவே இடித்த இடத்திலேயே புதிய வீடு கிடைக்கும் என்று சொல்லப்பட்டாலும், எந்த உரிமையின் பேரில் கிடைக்கும் என்பதே முதன்மைக் கேள்வி. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பயனாளியாகவா, மாநகராட்சியின் ஊழியராகவா, தலைமுறைகளாக அந்த மண்ணில் வாழ்ந்த குடிமக்களாகவா? பயனாளி என்றால் பங்குத்தொகை கட்ட வேண்டும். ஊழியர் என்றால் ஓய்வு நாளில் வெளியேற வேண்டும். மூன்றாவது வகைக்கு நம் சட்டங்களில் இன்னும் சரியான பெயர் இல்லை. பழைய வீட்டில் ஒரே கதவு எண்ணில் மூன்று குடும்பங்கள் இருந்தன என்பதைக் கணக்கெடுப்பாளர் ஒரு குடும்பம் என எழுதிக்கொண்டால், மற்ற இரு குடும்பங்களும் காகிதத்தில் இல்லாமல் போகின்றன. உக்கடம் மேம்பாலம் 2024 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. பாலத்துக்குத் தேதி குறிப்பதும் அதைக் காப்பாற்றுவதும் அரசுக்கு முடிகிற காரியம்தான். வீட்டுக்கு மட்டும் ஏன் முடிவதில்லை?

இதே நகரத்தில் குளக்கரைகளில் வாழ்ந்தவர்களுக்கு நேர்ந்தது நினைவிருக்க வேண்டும். சீர்மிகு நகரத் திட்டத்தில் கரைகள் பூங்காக்களாயின. கரையில் இருந்தோர் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பப்பட்டனர். சென்னையில் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் இப்படித்தான் நிரம்பின. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது இருந்த இடத்திலேயே கட்டித் தருவது என்ற கொள்கை வலுவாக இருந்தது; அது எப்போது நகருக்கு வெளியே தள்ளும் கொள்கையாக மாறியது என்பது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள். 2021இல் வாரியத்தின் பெயரிலிருந்து 'குடிசை' நீக்கப்பட்டது. பெயர் மாற்றம் எளிது.

திரையரங்கத் தரப்பிலும் பத்திரம் இல்லாதவர்கள் உண்டு என்பதை அஞ்சலிக் கட்டுரைகள் சொல்வதில்லை. கழிப்பறை கழுவியவர், மிதிவண்டி நிறுத்தத்தில் சீட்டுக் கிழித்தவர், இடைவேளையில் முறுக்கும் கடலையும் விற்றவர், சுவரொட்டி ஒட்டியவர். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதில் நிலமற்ற தொழிலாளரையும் குத்தகைதாரரையும் சேர்த்தது பெரிய முன்னேற்றம். ஆனால் ஒரு தனியார் மற்றொரு தனியாருக்கு நகரத்து மனையை விற்கும்போது அச்சட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. வாசலில் கடை போட்டவருக்கு 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒன்றுதான் துணை; அவர் பெயர் நகர விற்பனைக் குழுவின் பட்டியலில் இருந்தால்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டிஸ்டிரிக்ட் சிக்ஸ் என்ற பகுதி இருந்தது. 1966இல் நிறவெறி அரசு அதை வெள்ளையருக்கானது என அறிவித்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் சுமார் 60,000 பேரை நகரின் ஓரத்து மணற்காட்டுக்குத் துரத்தியது. வீடுகள் தரைமட்டமாயின. அங்கே ஸ்டார், அவலான், பிரிட்டிஷ், நேஷனல் என்று திரையரங்குகள் பல இருந்தன. அம்மக்கள் அவற்றைப் 'பயாஸ்கோப்' என்றே அழைத்தனர், நம் பாட்டிமார்களைப் போலவே. 1994இல் முன்னாள் குடியிருப்பாளர்கள் ஒரு தேவாலயக் கட்டடத்தில் அருங்காட்சியகம் அமைத்தபோது, தரையில் பழைய தெருக்களின் வரைபடத்தை விரித்தனர். தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினர். அந்த நினைவுகளில் பயாஸ்கோப்பும் வீடும் ஒன்றாகவே இருக்கின்றன. கொட்டகையை நினைவுகூர்ந்தவர்கள், கொட்டகைக்குப் பக்கத்துச் சந்தில் வாழ்ந்தவர்கள். அந்த நினைவின் அடிப்படையிலேயே நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கோவையில் நினைவுகூர்ந்தவர்கள் ஒரு தரப்பு, வீடிழந்தவர்கள் வேறு தரப்பு. சி.எம்.சி. காலனி முதியவர்களிடம் வெரைட்டி ஹாலைப் பற்றி யாராவது கேட்டார்களா? எந்தப் படம், எந்த வரிசை, இரவுக் காட்சி முடிந்து விடியலில் பணிக்குப் போனதா? அந்தச் சாலையில் இரவும் பகலும் இருந்தவர்கள் அவர்கள்தான்.

மும்பை தாராவியைச் சுட்டாமல் இதை முடிக்க இயலாது. பா. இரஞ்சித்தின் 'காலா' 2018இல் அந்த நிலத்தின் அரசியலைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தது. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடப் போன ஒடுக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே உள்ளனர். இப்போது நடைபெறும் மறுசீரமைப்பில் 2000ஆம் ஆண்டுக்கு முன் வந்தவரா, தரைத்தளத்தில் இருந்தவரா என்ற கேள்விகளே ஒருவர் தாராவிக்குள் இருப்பாரா வெளியே போவாரா என்று தீர்மானிக்கின்றன. படத்தைக் கொண்டாடிய அரங்கங்களே இன்று மனைகளாகிக்கொண்டிருப்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி நம் குன்னத்துக்கு வருவோம். வேப்பூர் மகளிர் கல்லூரி மாணவிகளுக்கும் செந்துறைப் பக்கத்துத் தோழர்களுக்கும் கோவையின் கதை தொலைவில் நடப்பதாகத் தோன்றலாம். நம் வட்டத் தலைநகரில் இடிப்பதற்கு உயர்ந்த அரங்கம் எதுவும் இல்லை என்றும் கேட்கலாம். ஆனால் 'வளர்ச்சி' என்ற சொல்லுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பது என்னவென்று இந்த வட்டத்துக்குத் தெரியும். திருமாந்துறைப் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென 2007, 2008ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் திரட்டப்பட்டது. வேலை வரும் என்றார்கள். பதினைந்து ஆண்டுகள் கடந்தும் சொன்ன தொழிற்சாலைகள் எழவில்லை. நிலம் விற்றவருக்குக் குறைந்த விலையாவது கிடைத்தது. அதே நிலத்தில் களையெடுத்த, பருத்தி பறித்த, ஆடு மேய்த்த காலனிப் பெண்களுக்கு இழப்பீட்டுப் பட்டியலில் வரியே இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் சுமார் 31 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் மாவட்டம் இது. எறையூரில் சிப்காட் பூங்காவுக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் வழிவிட்ட நரிக்குறவர் மக்கள், தாங்கள் உழுத நிலத்துக்குப் பட்டா கேட்டுப் போராடியதையும் நாம் மறக்கலாகாது. ரோகிணி வாசலில் நின்றவர்களின் உறவுமுறைச் சமூகம்தான் அது.

சிற்றூர்கள் வளரும்போது முதலில் மறுசீரமைக்கப்படுவது பேருந்து நிலையமும் சந்தைப்பேட்டையும் அவற்றை ஒட்டிய தெருக்களும்தான். அங்கேதான் செருப்புத் தைப்பவரும் கூடை முடைபவரும் தூய்மைப் பணியாளரும் ஆவணமின்றி இருக்கிறார்கள். திட்ட வரைபடம் மேசைக்கு வருமுன்பே கேட்க வேண்டியவை உண்டு. இப்போது அங்கே இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை, கதவு எண்படி அல்லாமல் குடும்பப்படி எடுத்தது யார், எங்கே ஒட்டினார்கள்? இடைக்காலத் தங்குமிடத்துக்கு முடிவுத் தேதி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா? புதிய கடைகள் ஏலம் விடப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எத்தனை, எந்தத் தளத்தில்? வீட்டுப் பத்திரத்தில் பெண்ணின் பெயர் உண்டா, அது பணியோடு கட்டப்பட்டதா?

இவற்றைக் கேட்க வழக்கறிஞர் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். கோவைத் தோழர்கள் வெரைட்டி ஹால் சாலைக்கும் உக்கடத்துக்குமான பயனாளிகள் பட்டியலையும் ஒப்படைப்புத் தேதியையும் இப்படிக் கேட்டுப் பெற்று, காலனிப் பெரியவர்களுடன் உட்கார்ந்து, பழைய தெருவின் வரைபடத்தில் ஒவ்வொரு வீடாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த வரைபடத்தில் கொட்டகையையும் குறிக்கட்டும். டிலைட் நின்ற மூலையிலிருந்து காலனிக்கு எத்தனை அடி என்பதையும் அளந்து எழுதட்டும்.